‘எங்க வீட்டு ஆளுங்க’ குழு: மங்களம் அத்தை பணம் கட்டலாமா?

காலை 6:31
மங்களம் அத்தை: எல்லாரும் எழுந்தாச்சா? ஒரு விஷயம் கேட்க வேண்டும். எடை 84 கிலோவில் இருந்து 76-க்கு வந்தேன், தெரியும்தானே. தீபாவளியிலிருந்து அந்த 76-ஐ விட்டு இறங்கவே மாட்டேன் என்கிறது. இரண்டு இட்லிக்கு மேல் தொடுவதில்லை. ராத்திரி சப்பாத்திதான். எலும்பு டாக்டர் இன்னும் குறை, அப்புறம் முழங்காலுக்கு ஆபரேஷன் வேண்டுமா என்று பார்க்கலாம் என்கிறார். போனில் ஒரு டயட் திட்டம் வந்தது. மூன்று மாதத்தில் 10 கிலோவாம். 24,000 ரூபாய். இன்று ராத்திரி 8 மணிக்குள் கட்டினால் 18,000. கட்டலாமா?

6:33
சாந்தி சித்தி: பதினெட்டாயிரமா!!

6:34
முருகேசன் மாமா: நான் வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

6:35
மங்களம் அத்தை: நீங்கள் எதற்குத்தான் வேண்டும் என்றீர்கள்.

6:40
பெரியப்பா: இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு. தினமும் கொள்ளு ரசம் வை மங்களம். அம்மா அப்படித்தான் வைத்தாள்.

6:41
சாந்தி சித்தி: என் மாமியார் வியாழக்கிழமை மட்டும்தான் வைப்பார்கள்.

7:02
விக்னேஷ் அண்ணன்: அத்தை, பேலியோ இருந்து பாருங்கள். காலையில் 100 பாதாம், மதியம் கறி, அரிசியே கிடையாது. எனக்கு ஆறு கிலோ போனது.

7:03
மங்களம் அத்தை: நூறு பாதாமை எந்தப் பல்லால்டா மெல்லுவேன்.

7:04
விக்னேஷ் அண்ணன்: ஊற வைத்துச் சாப்பிடலாம் அத்தை

7:06
ராஜி அக்கா: உனக்குப் போன ஆறு கிலோ திரும்பி வந்ததையும் சொல்லுடா.

7:15
ரவி சித்தப்பா: அக்கா, பணம் எதுவும் கட்டிவிடாதே. நடந்துவிட்டு வந்து விவரமாக எழுதுகிறேன். முழுதாகப் படி.

7:16
சாந்தி சித்தி: எல்லாரும் போனை சார்ஜில் போட்டுக்கொள்ளுங்கள்.

8:12
ரவி சித்தப்பா: அக்கா, முதலில் நீ மனசை விடாதே. 84-இல் எட்டுக் கிலோ என்றால் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு. எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நல்லது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். நீ அதைச் செய்துவிட்டாய். முழங்கால் கணக்கு இன்னும் நல்ல கணக்கு. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களை வைத்து அமெரிக்காவில் செய்த ஆய்வு 2005-இல் வந்தது. ஒரு கிலோ இறங்கினால், ஒவ்வோர் அடி வைக்கும்போதும் முழங்காலில் விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது. உனக்கு 32 கிலோ. ஒரு சிப்பம் அரிசிக்கும் மேலே. மாடிப்படி ஏறும்போது உனக்கே தெரிந்திருக்க வேண்டும்.

8:13
மங்களம் அத்தை: படி ஏறுவது இப்போது பரவாயில்லைதான். இறங்கும்போதுதான் பிடிக்கிறது.

8:21
ரவி சித்தப்பா: சரி. ஏன் நின்றுவிட்டது என்று கேட்டாயே. ஆரம்பத்தில் மடமடவென்று இறங்கியதில் தண்ணீர் கணிசம். ஈரலிலும் தசையிலும் உடம்பு கிளைகோஜன் என்று மாவுச்சத்தைச் சேர்த்து வைத்திருக்கும். அதில் 1 கிராம் கரைந்தால் கூடவே 3 கிராம் அளவுக்குத் தண்ணீரும் போகும். அது ஒரு முறை நடப்பது, தினமும் நடக்காது. அடுத்து, உடம்பே சிறியதாகிவிட்டது. சும்மா படுத்திருக்கும்போது 84 கிலோ உடம்பு செலவழித்ததைவிட 76 கிலோ உடம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 80 கலோரி குறைவாகச் செலவழிக்கும். நடக்கும்போதும் தூக்கிச் செல்கிற எடை குறைவு, அதனால் அங்கேயும் செலவு குறைவு. போதாததற்கு உடம்பு தானாகவே கொஞ்சம் சிக்கனத்துக்குப் போகும். அன்றைக்கு உன்னை இளைக்க வைத்த அதே சாப்பாடு, இன்றைக்கு உன் செலவுக்குச் சரியாக இருக்கிறது. வரவும் செலவும் ஒன்றாகிவிட்டால் முள் எப்படி நகரும்? இதில் உன் குற்றம் எதுவும் இல்லை.

8:24
பெரியப்பா: 👍

8:24
பெரியப்பா: அம்மன் கோயிலில் பங்குனிப் பொங்கல் சாட்டிவிட்டார்கள். யார் யார் வருகிறீர்கள் என்று இன்றே சொன்னால் நல்லது. மேல் வீட்டில் குடியிருப்பவர்களிடம் ஓர் அறை கேட்க வேண்டும்.

8:26
ராஜி அக்கா: நாங்கள் நாலு பேர் அப்பா.

8:27
சாந்தி சித்தி: மேல் வீட்டை வாடகைக்கு விடும்போது பொங்கலுக்கு நாம் எங்கே தங்குவது என்று அப்போதே கேட்டேன்.

8:29
பெரியப்பா: அதை நேரில் பேசலாம் சாந்தி.

8:35
தீபா: பெரிய மாமா, நானும் வருகிறேன். ரவி மாமா சொன்ன வரவு செலவில் வரவுப் பக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். போன வாரம் ஊருக்கு வந்தபோது அம்மா சாப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இட்லி இரண்டுதான், சத்தியம். பொடியைக் குவித்து நடுவில் குழி பண்ணி, தூக்கிலிருந்து நல்லெண்ணெயை ஊற்றினார்கள். குழி நிறைந்து தட்டில் ஓடியது. அதே அளவை மறுபடி கரண்டியில் அளந்தேன். மூன்று மேசைக்கரண்டி.

8:36
ரவி சித்தப்பா: ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய 120 கலோரி தீபா. மூன்றுக்கு 360. அந்த இரண்டு இட்லியைவிட மூன்று மடங்கு.

8:38
மங்களம் அத்தை: நல்லெண்ணெய் உடம்புக்குக் குளிர்ச்சி.

8:39
சாந்தி சித்தி: மதினி, நான் சமைத்தால் குழம்பில் எண்ணெய் மிதக்கிறது என்று சொன்னது நீங்கள்தானே 😊

8:40
மங்களம் அத்தை: அது எந்தக் காலத்தில் சொன்னது. கல்யாணம் ஆன புதிது.

8:41
சாந்தி சித்தி: எனக்கு நேற்று மாதிரி இருக்கிறது.

8:44
முருகேசன் மாமா: சாத்தூர் சேவும் இருக்கிறது. டப்பா டிவிக்குப் பின்னால்.

8:45
மங்களம் அத்தை: அது வருகிறவர்களுக்கு வாங்கி வைத்தது.

9:20
ரவி சித்தப்பா: இப்போது அந்த 10 கிலோ திட்டத்துக்கு வருகிறேன். ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி. பத்துக் கிலோவுக்கு 77,000. மூன்று மாதத்துக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 850-க்கும் மேல் குறைக்க வேண்டும். அக்கா வயது, உயரத்துக்கு ஒரு நாள் முழுக்கச் செலவாவதே 1,600, 1,700 இருக்கும். கழித்தால் மிச்சம் 800. மூன்று மாதமும் அவ்வளவுதான் சாப்பாடு. டாக்டர் கண்காணிப்பில் சிலருக்கு அப்படிக் கொடுப்பதுண்டு. போனில் கேட்டு வீட்டில் தனியாகச் செய்கிற காரியம் அல்ல. பாதியில் உடம்பு இன்னும் சிக்கனமாகும், இந்தக் கணக்கும் எட்டாது. அமெரிக்காவில் டிவி போட்டியில் எக்கச்சக்கமாக இளைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்துப் பரிசோதித்தார்கள், 2016-இல் வெளிவந்தது. பெரும்பாலானவர்களுக்கு எடை திரும்ப ஏறியிருந்தது. ஆனால் உடம்பின் ஓய்வுச் செலவு மட்டும் இருக்க வேண்டியதைவிடச் சுமார் 500 கலோரி குறைவாகவே நின்றிருந்தது. வேகமாக இறக்குவதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. தலைமுடி கொட்டும், பித்தப்பையில் கல் வரலாம், தசையும் கூடவே போகும். முழங்காலைத் தாங்குவதே தொடைத் தசைதான்.

9:22
விக்னேஷ் அண்ணன்: பேலியோவில் தசை போகாது சித்தப்பா

9:31
ரவி சித்தப்பா: விக்னேஷ், நான் பேலியோவைக் குறை சொல்லவில்லை. 2018-இல் ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் கொழுப்பைக் குறைத்து, மறுபக்கம் மாவுச்சத்தைக் குறைத்து, ஒரு வருடம் பார்த்தார்கள். சராசரி 5.3 கிலோ, 6 கிலோ. பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு பக்கமும் நிறைய இறங்கியவர்களும் உண்டு, ஏறியவர்களும் உண்டு. எதை ஒருவரால் வருடக்கணக்கில் விடாமல் செய்ய முடிகிறதோ அதுதான் அவருக்கு டயட்.

9:40
சாந்தி சித்தி: அந்தத் திட்டத்தில் சாப்பிட என்ன கொடுப்பார்கள் மதினி?

9:42
மங்களம் அத்தை: காலையும் ராத்திரியும் சாப்பாட்டுக்குப் பதில் ஒரு பவுடர். தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். மதியம் காய்கறி.

9:43
சாந்தி சித்தி: பவுடரா? நம் வீட்டுப் பரணில் இன்னும் மூன்று டப்பா இருக்கிறது.

9:44
ராஜி அக்கா: இவர் அன்று விற்றதை இன்னும் விட மாட்டீர்களா சித்தி? யாரையும் கட்டாயப்படுத்தி வாங்க வைக்கவில்லை.

9:45
ராஜி அக்கா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

9:46
பெரியப்பா: பழைய கதை வேண்டாம். மாப்பிள்ளையும் குழுவில் இருக்கிறார்.

11:05
நான்: இப்போதுதான் மருந்துக் கவுண்டரில் கூட்டம் குறைந்தது, எல்லாவற்றையும் படித்தேன். அத்தை, சர்க்கரைக்கு என்ன மாத்திரை போடுகிறீர்கள்? அட்டையைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

11:17
மங்களம் அத்தை: [படம்]

11:20
நான்: மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடும் இருக்கிறது. அத்தை, தயவுசெய்து கேளுங்கள். இந்தக் கிளிமிபிரைடு, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். இதைப் போட்டுக்கொண்டு ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டாலோ, திடீரென்று பவுடருக்கு மாறினாலோ, சர்க்கரை சட்டென்று தாழ்ந்துவிடும். கை நடுக்கம், வியர்வை, கண் இருட்டிக்கொண்டு வரும். தூக்கத்தில் வந்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. எடை குறைக்கப் பலர் இருக்கிற 16 மணி நேரப் பட்டினியும் உங்களுக்கு இப்போது வேண்டவே வேண்டாம். அந்தத் திட்டக்காரர்கள் என்ன மாத்திரை என்று கேட்டார்களா?

11:22
மங்களம் அத்தை: சர்க்கரை இருக்கிறதா என்றார்கள். இருக்கிறது என்றேன். குறைந்துவிடும் என்றார்கள்.

11:22
தீபா: மாத்திரை பெயர்கூடக் கேட்கவில்லையா??

11:25
நான்: இன்னொன்று. இந்த வகை மாத்திரையே சிலருக்கு எடையைக் கொஞ்சம் ஏற்றும். மாற்ற முடியுமா என்று சர்க்கரை டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். தைராய்டு, கிட்னிக்கான கிரியேட்டினின் பார்த்து எவ்வளவு நாள் ஆகிறது?

11:26
முருகேசன் மாமா: பார்த்ததே இல்லை.

11:26
மங்களம் அத்தை: பார்த்தது. இவருக்கு ஞாபகம் இல்லை.

11:50
ரவி சித்தப்பா: இவள் சொன்னதுதான் முக்கியம். மாத்திரை விஷயம் முடிந்த பிறகு சாப்பாட்டுக்கு வரலாம். அக்கா, இட்லியும் சப்பாத்தியும் மாறி மாறி வந்தாலும் இரண்டும் மாவுச்சத்துத்தான். உன் தட்டில் புரதம் எங்கே இருக்கிறது? கிட்னி நன்றாக இருக்கிறது என்று தெரிந்தால், ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராம் பக்கம் போகலாம். முட்டை ஒன்றில் 6 கிராம். பயறு, சுண்டல், தயிர், மீன் என்று மூன்று வேளையும் கொஞ்சம் கொஞ்சம்.

11:52
மங்களம் அத்தை: பொங்கல் முடிகிற வரை விரதம். முட்டை, மீன் பேச்சே கிடையாது.

11:53
ரவி சித்தப்பா: அப்படியென்றால் அண்ணன் சொன்ன கொள்ளு. 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம். கொழுப்பை உருக்கும் என்று நம்பிக் குடிக்காதே. ரசமாக வடிகட்டாமல் சுண்டலாகச் சாப்பிடு. வயிறு நிற்கும்.

11:54
பெரியப்பா: காலையிலேயே சொன்னேன்.

12:10
சாந்தி சித்தி: விரதம் என்றால் மதினி அக்கினிச்சட்டியும் எடுக்கப் போகிறார்களா? இந்த முழங்காலோடா?

12:14
மங்களம் அத்தை: தீபாவுக்குப் பிள்ளை பிறந்தால் எடுக்கிறேன் என்று நேர்ந்தது. இரண்டு வருடமாகத் தள்ளிக்கொண்டே போகிறது. அதற்காகத்தானே இந்தப் பத்துக் கிலோ.

12:15
தீபா: அம்மா 😭 இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை

12:19
சாந்தி சித்தி: மதினி, உங்களுக்காக நான் எடுக்கிறேன். நீங்கள் கூட நடந்து வந்தால் போதும்.

12:24
மங்களம் அத்தை: நேர்ந்தவள் நான்தானே சாந்தி.

12:25
பெரியப்பா: பூசாரியிடம் கேட்டுச் சொல்கிறேன்.

மாலை 5:40
தீபா: அம்மா, இன்னொரு விஷயம். போன பொங்கலுக்குத் தைத்த ஜாக்கெட்டை எத்தனை தடவை பிடித்துத் தைத்தாய்?

5:46
மங்களம் அத்தை: இரண்டு பக்கமும் பிடித்தாச்சு. போன மாதம் மறுபடியும்.

5:48
நான்: அதுதான் அத்தை! எடை 76-இலேயே நின்றாலும் சுற்றளவு இறங்குகிறது. தையல் டேப்பால் இடுப்பை அளந்து எழுதி வையுங்கள். நம் ஊர்ப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. எடை மிஷினை வாரம் ஒரு நாள் பார்த்தால் போதும்.

5:50
மங்களம் அத்தை: 96 இருக்கிறது.

5:51
நான்: எழுதி வையுங்கள். அடுத்த மாதம் பார்க்கலாம்.

5:58
ரவி சித்தப்பா: காலுக்கும் ஒன்று சொல்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி இறக்கு. அடுத்த கால். டிவி பார்க்கும்போதே செய்யலாம். வலித்தால் நிறுத்திவிடு. பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் காட்டிச் செய்வது இன்னும் நல்லது, அந்த 18,000-இல் ஒரு பகுதிகூட ஆகாது.

7:35
முருகேசன் மாமா: திட்டக்காரர்கள் போன் செய்கிறார்கள். எடுக்கவா?

7:36
விக்னேஷ் அண்ணன்: எடுக்காதீர்கள் மாமா

7:36
ராஜி அக்கா: எடுத்து, மாத்திரை பற்றிக் கேளுங்கள் மாமா.

7:52
மங்களம் அத்தை: நானே பேசினேன். டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். சரி, உங்களுக்காக வெள்ளிக்கிழமை வரை சலுகையை நீட்டுகிறேன் என்றாள் அந்தப் பிள்ளை. பாவம், நன்றாகப் பேசுகிறாள்.

7:53
சாந்தி சித்தி: மதினி!!

7:54
மங்களம் அத்தை: கட்டுகிறேன் என்று சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைவரை இருக்கட்டும்.

7:58
தீபா: சர்க்கரை டாக்டருக்கு நாளைக்கு டோக்கன் போட்டுவிட்டேன். 10 மணி. வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும். எடுத்தவுடன் அம்மா சாப்பிட்டாக வேண்டும், கூட யாராவது போங்கள்.

8:01
முருகேசன் மாமா: வண்டி சர்வீஸில் நிற்கிறது.

8:03
விக்னேஷ் அண்ணன்: நான் வருகிறேன் அத்தை. 11 மணிக்கு வாசலில் இருப்பேன்.

8:04
மங்களம் அத்தை: டோக்கன் பத்து மணிக்குடா.