தளர்ந்த வேலிக் கம்பியை நெளித்து இறுக்கும் கைக்கருவி பயன் தருமா?

கேள்வி

வணக்கம். எங்கள் நிலத்தின் ஒரு பக்கத்தில் சுமார் 100 மீட்டர் நீளத்துக்கு, 2.5 மி.மீ. கம்பியில் ஐந்து வரிசை வேலி உள்ளது. மேல் இரண்டு வரிசைகள் மட்டும் தொய்ந்து, ஆடுகள் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்துவிட்டது. கம்பியை வெட்டாமல், இருக்கும் இடத்திலேயே இறுக்கும் கைக்கருவி ஒன்று இருப்பதாக அறிந்தேன். அதன் பற்களுக்கிடையே கம்பியைக் கொடுத்துக் கைப்பிடியைத் திருப்பினால் சிறு நெளிவு விழும். அந்த நெளிவு விழுங்கும் நீளம் தொய்வைப் போக்கிவிடும் என்கிறார்கள். இது நிலைக்குமா, அல்லது ராட்செட் (கம்பியைச் சுற்றி இழுத்து, பின்வாங்காமல் பிடித்து நிறுத்தும் பற்சக்கரக் கருவி) பொருத்துவதே நல்லதா?

மறுமொழி 1

கம்பி தூண்களில் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே இதற்கு விடை சொல்ல முடியும். இரு தூண்களுக்கு நடுவே 4 மீட்டர் இடைவெளியில் கம்பி 5 செ.மீ. தொய்ந்திருந்தால் பார்வைக்குப் பெரிதாகத் தெரியும்; ஆனால் அங்கே கூடுதலாக உள்ள நீளம் 2 மி.மீட்டருக்கும் குறைவு. ஒவ்வொரு தூணிலும் கம்பி நகராதபடி இறுகக் கட்டப்பட்டிருந்தால், இடைவெளிக்கு ஓரிரு நெளிவுகளே போதும். மாறாக, கம்பி தூண்களில் தடையின்றி வழுக்கி ஓடுமானால், 100 மீட்டரையும் ஒரே கம்பியாகக் கருத வேண்டும். அதில் 100 கிலோ இழுவிசை ஏற, தொய்வை எடுத்த பிறகும் ஏறத்தாழ 10 செ.மீ. இழுக்க வேண்டியிருக்கும். அதை நெளிவுகளால் ஈடுகட்ட முயல்வது வீண் உழைப்பு. அங்கே ராட்செட்தான் சரி. அதையும் ஓர் ஓரத்தில் வைக்காமல் நடுவில் பொருத்தினால், தூண்களின் உராய்வு இரு பக்கமும் பிரிந்து, இறுக்கம் கடைசி வரை சென்று சேரும்.

நெளிவில் ஒரு நன்மை உண்டு: விசை கூடும்போது அது சற்றே நிமிர்ந்து, வில் போல விட்டுக்கொடுக்கும். குறை என்னவென்றால், வளைந்த இடத்தில் துத்தநாகப் பூச்சு விரிசல் கண்டு துரு பிடிக்கலாம். ஒரே இடத்தை இரண்டாம் முறை நெளிக்காதீர்கள்.

மறுமொழி 2

மேல் வரிசைகள் மட்டும் தளர்ந்திருப்பதைக் கவனித்தீர்களா? மூலைத் தூண் உள்நோக்கிச் சாயும்போது அதன் உச்சிதான் அதிகம் நகரும். ஆகவே மேல் கம்பிகளே முதலில் தொய்யும். கம்பி வழுக்கி ஓடும் வேலியாக இருந்தால், தூணின் உச்சி 4 செ.மீ. நகர்ந்தாலே மேல் கம்பியில் சுமார் 40 கிலோ இழுவிசை குறைந்துவிடும். தூக்குக் குண்டு நூல் பிடித்துச் சாய்வைப் பாருங்கள். அடித்தளம் தளர்ந்திருக்கும்போது எந்தக் கருவியால் இறுக்கினாலும், தூண் இன்னும் சாயவே அது வழிசெய்யும்.

கொளுத்தும் வெயிலில் முழு விறைப்பாக இழுத்துவிட வேண்டாம். 30 பாகை வெப்பம் குறைந்தால் 100 மீட்டர் எஃகுக் கம்பி 36 மி.மீ. சுருங்கப் பார்க்கும்.

மறுமொழி 3

முள்கம்பியாக இருந்தால், அதுவும் துருப்பிடித்த பழைய கம்பியானால், அறுந்து சாட்டை போலச் சுழன்று வரும். தடித்த தோல் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, கம்பியின் நேர்க்கோட்டில் நிற்காமல் விலகி நின்று வேலை செய்யுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. கம்பி சாதாரணக் கம்பிதான். ஒவ்வொரு தூணிலும் இறுகக் கட்டப்பட்டிருக்கிறது. தூக்குக் குண்டு நூல் பிடித்துப் பார்த்ததில் மூலைத் தூண் மூன்று விரல் அளவு உள்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. அதையொட்டிய இடைவெளிகளில்தான் தொய்வும் மிகுதி. தூணை நிமிர்த்தி முட்டுக் கொடுத்த பிறகு, எஞ்சும் தொய்வுக்கு மட்டும் நெளிக்கும் கருவியைப் பயன்படுத்தப் போகிறேன்.