ராக் கச்சேரிக்கு முன்னால் மல்லாரி

1967 ஜூலையில் மங்கீஸ் என்கிற அமெரிக்கப் பாப் குழுவின் கச்சேரிகளுக்கு முன்னால் வாசிக்க ராக் கிட்டார்க்காரர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸை ஏற்றிவிட்டார்கள், தெரியும்தானே? முந்தின மாதம்தான் மான்ட்டரே இசை விழா மேடையில் கிட்டாரைக் கொளுத்திய மனுஷன். அவர் வாசிக்க வாசிக்க, கீழே இருந்த பிள்ளைகள் மங்கீஸ் பாடகர் டேவி ஜோன்ஸின் பெயரைச் சொல்லிக் கத்த, சில நாட்களிலேயே கழன்றுகொண்டார். அந்தப் பிள்ளைகளைத் திட்ட வாயெடுக்கும்போதெல்லாம் எனக்குக் காரைக்குடி ஞாபகம் வந்துவிடும்.

2012, மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருஷம். எங்கள் கல்லூரி விழாவுக்குச் சென்னையிலிருந்து ஒரு ராக் குழு வந்திருந்தது. ஐந்து மணியிலிருந்து மேடைக்கு முன்னால் இடம் பிடித்து நிற்கிறோம், ஏழு மணிக்குக் கரண்ட் போச்சு, வாடகை ஜெனரேட்டர் இரண்டு தரம் உறுமிவிட்டு அடங்கிவிட்டது. சிறப்பு விருந்தினரை வாசலில் வரவேற்க வந்த நாதஸ்வர செட் ஒன்று வேலை முடிந்து வண்டிக்குக் காத்திருந்தது. ஒரு வாத்தியார் அவர்களைக் கையோடு கூட்டிவந்து மேடையில் உட்காரவைத்தார். வெளிச்சத்துக்கு நாலு பைக்கின் ஹெட்லைட். நாங்கள் ஊளையிட்டோம். "யாருக்கு மாப்ள கல்யாணம்?" என்று கத்தியது நான்தான், இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

நாயனக்காரப் பெரியவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. நாயனத்தின் ஊதுவாயான சீவாளியைச் சரிபார்த்துவிட்டுக் கம்பீரநாட்டை ராகத்தில் மல்லாரியை எடுத்தார். சாமி புறப்பாட்டுக்கு வாசிப்பார்களே, அதேதான், ஆனால் கோயிலில் நான் எப்போதும் பிரசாத வரிசையில் நிற்கிறவன், காது கொடுத்துக் கேட்டதே கிடையாது. மைக் இல்லை, ஸ்பீக்கர் இல்லை, மைதானத்தின் கடைசி வரைக்கும் போகிறது சத்தம். அப்புறம் தவில். வாசித்த பையனுக்கு எங்கள் வயசுதான் இருக்கும், வலது கை விரல்களில் கூடு, இடது கையில் பூவரசங் குச்சி, ஆரம்பத்தில் மெதுவாகத்தான் போனான், போகப்போக ஒவ்வொரு அடியும் நெஞ்சில் வந்து விழ, விசிலடித்தவன்கள் எப்போது தாளத்துக்கு விசிலடிக்க ஆரம்பித்தான்கள் என்றே தெரியவில்லை. ராக் குழுவின் டிரம்மர் வந்து தவிலுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். சினிமாவில் வருகிற மாதிரி சேர்ந்து வாசிப்பார் என்று பார்த்தோம். ஒன்றும் இல்லை, கடைசி வரைக்கும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பதேகாலுக்குக் கரண்ட் வந்தது. பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதால் அந்தக் குழுவுக்கு நாலு பாட்டுதான் கிடைத்தது. நன்றாகத்தான் பாடினார்கள், ஆனால் அதில் ஒரு பாட்டுகூட எனக்கு ஞாபகமில்லை.

*

அண்ணே, நீங்கள் எழுதியதில் ஒரு சின்னத் திருத்தம். ஜெனரேட்டர் பழுதெல்லாம் இல்லை, டீசல் தீர்ந்துபோச்சு. கேனைத் தூக்கிக்கொண்டு போனவன் அடியேன்தான். ஊரே மின்வெட்டில் கிடக்க, பங்கில் எனக்கு முன்னால் எத்தனை கேன் நின்றிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான் திரும்பி வந்து சேரவும் கரண்ட் வரவும் சரியாக இருந்தது. தவிலின் கடைசித் தீர்மானம், அதான் முடிக்கும்போது வாசிக்கிற அடி, அது மட்டும் காதில் விழுந்தது. இன்றுவரைக்கும் அந்த டீசல் காசும் வரவில்லை.

*

என் பங்குக்கு நானும் ஒன்று சொல்கிறேன். அன்றைக்கு நான் கச்சேரிக்கு வரவில்லை, வீட்டில் விடவில்லை. ஆனால் எங்கள் வளவு வரைக்கும் கேட்டது. அப்பத்தா இருட்டில் விசிறிக்கொண்டு படுத்திருந்தவர் சட்டென்று எழுந்து, "எந்தச் சாமி ஆத்தா இந்நேரத்துக்குப் புறப்படுது?" என்றார். காலேஜில் பாட்டுக் கச்சேரி அப்பத்தா என்றால் நம்பினால்தானே. தட்டில் தேங்காய் பழமெல்லாம் எடுத்துவைத்து முகப்பில் போய் உட்கார்ந்துவிட்டார். தவில் நின்றது, கரண்ட் வந்தது, கொஞ்ச நேரத்தில் கிட்டார் சத்தமும் வந்தது. நான் சிரித்தேன். "மல்லாரி வாசிச்சாச்சுன்னா சாமி வெளிய வந்தாச்சு, போடி" என்று கற்பூரத்தை ஏற்றி ஆளில்லாத தெருவுக்கு ஒரு தரம் காட்டிவிட்டுத்தான் படுக்கப் போனார்.