பேக்கேஜ் செய்யும்போது பெயர், லோகோ விஷயத்தில் உங்கள் அனுபவம் என்ன?

டெபியன் என்ற லினக்ஸ் வினியோகத்துக்காக ஒரு படம் வரையும் செயலியைப் பேக்கேஜ் செய்துகொண்டிருந்தேன், அதாவது அதில் நிறுவும் வடிவில் தொகுத்துக்கொண்டிருந்தேன். நிரல் முழுக்க ஜிபிஎல், யாரும் மாற்றிப் பகிர அனுமதிக்கும் கட்டற்ற உரிமம், அதில் சிக்கல் இல்லை. லோகோ இருந்த கோப்புறையில் மட்டும் தனியாக ஒரு குறிப்பு: படத்தை மாற்றக் கூடாது, மாற்றிய நிரலோடு சேர்த்துத் தரவும் கூடாது. அப்படியே வைத்தால், கட்டற்றவை மட்டுமே இருக்கும் டெபியனின் மெயின் பிரிவுக்குள் போகாது. உருவாக்கியவர்களுக்கு எழுதிக் கேட்டேன். "டெபியனுக்கு மட்டும் அனுமதி தருகிறோம்" என்றார்கள். நல்ல மனதோடு சொன்னதுதான், ஆனால் எது கட்டற்றது என்று வரையறுக்கும் டெபியன் வழிகாட்டுதல்களின் (டிஎஃப்எஸ்ஜி) 8ஆவது விதி அதை ஏற்காது. நம்மிடமிருந்து எடுத்து வேறொரு வினியோகம் செய்கிறவருக்கும் அதே உரிமை கிடைத்தாக வேண்டும். கடைசியில் லோகோவை நீக்கி மூலக்கோப்பை மறுபடி கட்டி, பதிப்பு எண்ணின் பின்னால் டிஎஃப்எஸ்ஜி என்று சேர்த்து அனுப்பினேன். செயலியின் பெயரை வைத்துக்கொள்ள அவர்கள் சம்மதித்தது பெரிய நிம்மதி. உங்களில் யாருக்காவது பெயரையே மாற்ற வேண்டி வந்ததா?

மறுமொழி 1

நான் பேக்கேஜ் செய்கிறவன் இல்லை, டெபியனில் ஃபயர்பாக்ஸ் உலாவி ஐஸ்வீசல் என்ற பெயரில் இருந்த காலத்துப் பயனர். ஃபயர்பாக்ஸ் லோகோவின் உரிமம் கட்டற்றதாக இல்லாததால், டெபியன் லோகோ இல்லாமல் பெயரை மட்டும் வைத்திருந்தது. 2006இல் ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லா, பெயர் வேண்டுமென்றால் லோகோவும் வேண்டும், நிரலில் நீங்கள் செய்யும் திருத்தங்களுக்கு (பேட்ச்) எங்கள் ஒப்புதலும் வேண்டும் என்றது. இந்த இரண்டாவது நிபந்தனைதான் உண்மையான முட்டுக்கட்டை என்பது என் கருத்து. டெபியனின் நிலையான (ஸ்டேபிள்) வெளியீட்டில் பழைய பதிப்புக்கே பாதுகாப்புத் திருத்தங்களைப் பின்கொண்டுவந்து போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வெளியாரின் ஒப்புதலுக்குக் காத்திருக்க முடியுமா? அதனால் 2007இல் வந்த எட்ச் என்ற டெபியன் வெளியீட்டில் ஃபயர்பாக்ஸுக்குப் பதிலாக ஐஸ்வீசல், மொசில்லாவின் அஞ்சல் செயலி தண்டர்பேர்டுக்குப் பதிலாக ஐஸ்டவ். சில தளங்கள் "ஃபயர்பாக்ஸ் பயன்படுத்துங்கள்" என்று கதவைச் சாத்தின. உள்ளே ஓடியது அதே நிரல்தான்! 2016இல் இரு தரப்பும் உடன்பட்டு ஃபயர்பாக்ஸ் திரும்பியது. அதற்குள் லோகோவின் உரிமமும் மாறியிருந்தது.

மொசில்லா பக்கமும் நியாயம் உண்டு. யாரோ தீநிரலைச் சேர்த்து அதே பெயரில் பரப்பினால் ஏமாறுவது பயனர்தானே. மாற்றினால் வேறு பெயர் வை என்று கேட்பதை டெபியனின் 4ஆவது விதியே அனுமதிக்கிறது.

மறுமொழி 2

ஐயா சொன்னது சரி. எனக்கு வந்தது எதிர்த்திசையில். கல்லூரி ஆய்வகத்துக்காக ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் வினியோகத்தில் நிறைய மாற்றி ஒரு ஐஎஸ்ஓ (நிறுவல் வட்டுக் கோப்பு) செய்தோம். மாற்றியதை ஃபெடோரா என்ற பெயரிலேயே கொடுக்கக் கூடாது. இதற்கென்றே அவர்கள் ஃபெடோரா பெயரும் லோகோவும் இல்லாத ஜெனரிக்-லோகோஸ், ஜெனரிக்-ரிலீஸ் என்ற பேக்கேஜ்களை வைத்திருக்கிறார்கள். ஃபெடோரா-லோகோஸ் போன்றவற்றை எடுத்துவிட்டு இவற்றைப் போட்டால் பெரும்பகுதி வேலை முடிந்தது. ரெட் ஹேட் நிறுவனத்தின் லினக்ஸ் நிரலிலிருந்து உருவான சென்ட்ஓஎஸ்ஸும் ரெட் ஹேட் லோகோக்களை நீக்கித்தான் வந்தது. பெயரையும் லோகோவையும் நிரலெங்கும் இறைத்து வைக்காமல் இப்படி ஒரே பேக்கேஜில் வைத்தால், பின்னால் மாற்றுகிறவருக்கு எவ்வளவு உதவி! செயலி எழுதுகிறவர்கள் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அப்புறம், துவக்கத் திரையைப் பார்க்க மறக்காதீர்கள். எங்களுக்குப் பழைய லோகோ கடைசியாக மாட்டியது அங்கேதான்.