2009 ஆல்டோ, 1,18,000 கி.மீ.: எஞ்சினை இறக்கணுமா, ஆயிலை மாற்றினால் போதுமா?

காட்பாடி ஆல்டோ:
வணக்கம். அப்பா 2009-இல் வாங்கிய ஆல்டோ, பழைய 796 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சின். போன வருஷம் 15 வருஷம் முடிந்து, ஆர்டிஓ ஆபீசில் காட்டி 2029 வரைக்கும் பதிவைப் புதுப்பித்துவிட்டோம், அதனால் அதுவரை எங்களுக்கு இந்த வண்டிதான். தினமும் காட்பாடியிலிருந்து பாகாயம் வரை வேலைக்குப் போய் வருகிறேன், மாதம் ஒரு தடவை அம்மாவை அழைத்துக்கொண்டு போளூரில் அக்கா வீட்டுக்கு.

பிரச்சினை இரண்டு. காலையில் ரயில்வே மேம்பாலம் ஏறி கிரீன் சர்க்கிள் தாண்டுவதற்குள், வண்டி நின்று நின்று போகும்போது டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டிவிடுகிறது. கொஞ்சம் வேகம் பிடித்ததும் இறங்கிவிடும். அப்புறம் ஆயில் குறைகிறது, 2,000 கி.மீ.க்கு அரை லிட்டர் மாதிரி ஊற்ற வேண்டியிருக்கிறது. தரையில் ஒழுகல் பெரிதாக இல்லை, ஆனால் எஞ்சின் பக்கவாட்டில் எண்ணெய்ப் பிசுக்கும் மண்ணுமாக அப்பிக் கிடக்கிறது.

மூன்று பேரிடம் காட்டினேன். ஒருவர் ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) போய்விட்டது, எஞ்சினை இறக்கி சிலிண்டரைக் கடைந்து சரி செய்யணும், 38,000 ஆகும் என்கிறார். இன்னொருவர் ஃப்ளஷ் (எஞ்சின் உள்ளே கசடைக் கழுவும் திரவம்) போட்டு ஃபுல் சிந்தெடிக் ஊற்றினால் போதும் என்கிறார். மூன்றாமவர் கெட்டியாக 20டபிள்யூ50 ஊற்றச் சொன்னார். என் கையில் இருப்பது 15,000 ரூபாய். எதில் போடுவது, எதைத் தள்ளிப்போடலாம் என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

குடியாத்தம் ஸ்பேனர்:
தம்பி, யாரிடமும் பணம் கொடுப்பதற்கு முன் இதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள். ரேடியேட்டரில் என்ன ஊற்றுகிறீர்கள், கூலண்டா தண்ணியா? ஃபேன் எப்போது ஓடுகிறது, சாவி போட்டதுமே ஓடுகிறதா, சூடானால் மட்டுமா? புகை எப்போது வருகிறது, என்ன நிறம்? ஆயில் மூடியைத் திருகி எடுத்து அடிப்பக்கம் பாருங்கள், கறுப்பா, பால் கலந்த காப்பி மாதிரியா? டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது? வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்குவது அதுதான், அறுந்தால் ஓடும்போதே எஞ்சின் நின்றுவிடும். நீங்கள் பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை, எனக்கு அதுதான் முதல் கவலை. பின்னால் வந்த கே10 எஞ்சினில் செயின், அதோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், உங்கள் 796-இல் ரப்பர் பெல்ட்.

காட்பாடி ஆல்டோ:
அண்ணா, ரேடியேட்டரில் வீட்டு போர் தண்ணிதான், குறைந்தால் ஊற்றுவோம், திறந்தால் துருக் கலரில் இருக்கிறது. ஃபேன் சாவி போட்டதிலிருந்தே ஓடுகிறது, இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மெக்கானிக் சூடு பார்த்து ஓடுகிற ஒயரிங்கைத் தவிர்த்து டைரக்ட் கொடுத்துவிட்டார். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் நீலமாக ஒரு புகை வந்து அரை நிமிஷத்தில் நின்றுவிடும், ஓடும்போது பின்னால் வருகிற தம்பியைப் பார்க்கச் சொன்னேன், ஒன்றும் இல்லை என்றான். ஆயில் மூடி அடியில் கறுப்புதான், காப்பி கலர் இல்லை. பெல்ட் மாற்றியதாக அப்பாவுக்கு நினைவே இல்லை.

குடியாத்தம் ஸ்பேனர்:
சரி, இப்போது படம் தெளிவாகிறது. நின்றுவிட்டுக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப்புகை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வால்வு சீல், அதாவது வால்வுத் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கிற ரப்பர். ராத்திரி முழுக்க மேலே தேங்கிய ஆயில், காய்ந்துபோன சீல் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கி, காலையில் எரிகிறது. ரிங் தேய்ந்திருந்தால் ஆக்சிலரேட்டர் மிதித்து மேடு ஏறும்போது புகை வரும். மூடியில் காப்பி கலர் இல்லாததும் நல்லது, தண்ணி ஆயிலில் கலக்கவில்லை என்றுதான் தெரிகிறது.

ஆனால் இதை நானும் இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்வதுதான். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் நிற்கிற அழுத்தம்) பார்க்காமல் எஞ்சினை இறக்கச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். மூன்று பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டராக கேஜ் வைத்துப் பார்ப்பார்கள். எதிலாவது குறைவாக இருந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கணும். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வோ ஹெட் பேக்கிங்கோ. ஒரு மணி நேர வேலை, 38,000 ரூபாய் முடிவை அதற்கு அப்புறம் எடுக்கலாம். பிளக்கைக் கழற்றும்போது மூன்றையும் வரிசையாக வைத்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், எந்த சிலிண்டரில் ஆயில் எரிகிறது என்று பிளக் முனையே சொல்லிவிடும்.

ராணிப்பேட்டை தண்ணீர்:
நான் மெக்கானிக் இல்லை, கம்பெனியில் பாய்லர் தண்ணீர் பார்க்கிற வேலை. இருந்தாலும் போர் தண்ணி என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நம் பாலாற்றுப் படுகை நிலத்தடி நீர் எப்படிப்பட்டது என்று இந்தப் பக்கத்தில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும், தோல் தொழிற்சாலைக் கழிவுக்காக 1996-இலேயே உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பு வந்த ஆறு அது. அந்த உப்புத் தண்ணியைச் சூடாக்கினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது இல்லையா, அதேதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் நடக்கிறது. அந்தக் குழாய் மிகவும் மெல்லியது. காகிதக் கனத்துக்குப் படிந்தாலே சூடு வெளியே போகாது. போதாக்குறைக்கு தண்ணியில் இருக்கிற குளோரைடு அலுமினியத்தை அரிக்கும், எஞ்சின் மேல்பாகமான உங்கள் ஹெட்டும் அலுமினியம்தான். துருக் கலர் வருவது இரும்பு பிளாக்கிலிருந்து.

நமக்குப் பனி உறைகிற குளிர் கிடையாது, எதற்குக் கூலண்ட் என்று கேட்பார்கள். குளிருக்காக இல்லை. துருப்பிடிக்காமல் காக்கும் மருந்து அதில் இருக்கிறது, கொதிநிலையும் கூடும். கலந்தே வருகிற கூலண்ட் வாங்குங்கள், இல்லையென்றால் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில் கலக்குங்கள். கேன் தண்ணீர், வீட்டு ஆர்ஓ தண்ணீர் இரண்டிலும் கொஞ்சம் உப்பு மீதி இருக்கும், வழியில் அவசரத்துக்குச் சரி. ரேடியேட்டர் மூடியையும் புதிதாகப் போடுங்கள். உள்ளே அழுத்தம் நின்றால்தான் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் தாங்கும், மூடி ரப்பர் காய்ந்திருந்தால் அந்த அழுத்தம் நிற்காது. சூடாக இருக்கும்போது மட்டும் தயவுசெய்து அதைத் திறக்காதீர்கள். எங்கள் கம்பெனியில் ஒரு டிரைவருக்கு முகம் முழுக்க வெந்துபோய்ப் பார்த்திருக்கிறேன்.

குடியாத்தம் ஸ்பேனர்:
சார் சொன்னது அத்தனையும் உண்மை. கூடவே ஒன்று, ஃபேனை டைரக்ட் கொடுத்தவர் தெர்மோஸ்டாட்டையும் (எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணி போகாமல் மூடி வைக்கிற வால்வு) கழற்றி எறிந்திருக்க வாய்ப்பு உண்டு, நம் பக்கத்தில் இரண்டையும் சேர்த்தே செய்வார்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடும், பெட்ரோல் கூடக் குடிக்கும், பெட்ரோல் ஆயிலில் கலந்து ஆயிலும் சீக்கிரம் கெடும். புதிது போட்டு, ஃபேன் தானாக ஓடுகிற மாதிரி ஒயரிங்கைப் பழையபடி ஆக்கச் சொல்லுங்கள். நின்றால் முள் ஏறி, ஓடினால் இறங்குகிறது என்றால் காற்று போதவில்லை என்றுதான் முதலில் பார்ப்பேன். இரண்டு வருஷமாக நிற்காமல் ஓடிய ஃபேன் மோட்டாரில் வேகம் குறைந்திருக்கும், அதன் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும்.

ஆற்காடு ரோடு:
என் பழைய சான்ட்ரோவில் ஃப்ளஷ் போட்டேன், சத்தம் குறைந்தது, ஒரு கெடுதலும் வரவில்லை. எல்லோரும் ஏன் இதற்குப் பயப்படுகிறார்கள் என்று தெரியவில்லை.

சத்துவாச்சாரி வேகன்ஆர்:
அண்ணா, உங்கள் வண்டியில் ஆயில் ஒழுங்காக மாற்றி வந்திருப்பீர்கள், அதனால் தாங்கியிருக்கும். எங்கள் வண்டி அப்படி இல்லை, பல வருஷம் கவனிக்காமல் விட்டது. ஃப்ளஷ் போட்டதும் உள்ளே அடையாக இருந்த கசடு ஒரே நேரத்தில் கழன்று, அடியில் ஆயில் உறிஞ்சுகிற வலையை அடைத்துவிட்டது. ஆயில் லைட் எரிந்தது கொணவட்டம் அருகில், நல்ல வேளையாக உடனே அணைத்துவிட்டேன். அந்த லைட் ஆயில் அளவைக் காட்டுவது இல்லை, அழுத்தத்தைக் காட்டுவது. அது எரிந்த பிறகு அடுத்த பெட்ரோல் பங்க் வரை ஓட்டுகிறேன் என்பதற்கே இடமில்லை.

தம்பிக்கு நான் சொல்வது, ஃப்ளஷ் வேண்டாம். கையேட்டில் சொல்லியிருக்கிற தரத்தில் சாதாரண ஆயில் ஊற்றி 2,000 கி.மீ.யில் ஒரு தடவை, அப்புறம் 3,000-இல் ஒரு தடவை ஃபில்டரோடு மாற்றுங்கள். கசடு கொஞ்சம் கொஞ்சமாக அதிலேயே வந்துவிடும். அப்புறம் 5,000 கி.மீ. அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அது. சிந்தெடிக் கெட்டது இல்லை, ஆனால் குறைகிற எஞ்சினில் விலை கூடின ஆயிலை ஊற்றி எரிப்பதில் என்ன பயன்? 20டபிள்யூ50 கெட்டி ஆயில் புகையை மறைக்கும், காய்ந்த சீலைச் சரி செய்யாது. ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டி எடுப்பதற்கு முன், சமதரையில் டிப்ஸ்டிக் (ஆயில் அளவு காட்டும் கம்பி) பார்த்து ஒரு நோட்டில் தேதியும் கிலோமீட்டரும் எழுதுங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றாதீர்கள், கூடினாலும் கெடுதல்தான்.

காட்பாடி ஆல்டோ:
எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் ஆகிவிட்டது, நடந்ததை எழுதுகிறேன். கம்ப்ரஷன் எதிலும் குறைவாக இல்லை, மூன்றிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் இருந்தது, எஞ்சின் இறக்கும் பேச்சை அங்கேயே விட்டேன். தெர்மோஸ்டாட் நீங்கள் சொன்னபடி இல்லவே இல்லை. அதோடு மூடி, ஃபேன் மோட்டார் எல்லாம் புதிது, ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ததில் வெள்ளைச் சுண்ணாம்பாகக் கொட்டியது, இப்போது கூலண்ட்.

பெல்ட்டைத் திறந்து பார்த்தபோது எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. ஓரம் நூல் நூலாகப் பிரிந்து, பல்லின் அடியில் விரிசல். இதில்தான் அம்மாவை உட்காரவைத்து மாதாமாதம் கண்ணமங்கலம் வழியாகப் போய்க்கொண்டிருந்தேன். பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர், முன்பக்க ஆயில் சீல் மாற்றியாகிவிட்டது. எஞ்சின் மேல்மூடியான டேப்பட் கவரின் பேக்கிங்கும், எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றுகிற பிசிவி வால்வும் போட்டார்கள், அந்த வால்வு குலுக்கினால் சத்தமே வராமல் அடைத்துக் கிடந்தது. மொத்தம் 13,700 ஆயிற்று. வால்வு சீல் மட்டும் பாக்கி, காலைப்புகை இன்னும் உண்டு. ஆனால் 800 கி.மீ.யில் டிப்ஸ்டிக்கில் இறக்கம் முன்னைவிடக் குறைவு. மேம்பாலத்தில் நேற்று 20 நிமிஷம் நின்றேன், முள் பாதியிலேயே நின்றது.

குடியாத்தம் ஸ்பேனர்:
ரொம்ப சந்தோஷம் தம்பி. அடைத்த பிசிவி உள்ளே காற்றழுத்தத்தை ஏற்றி, பேக்கிங் வழியாக ஆயிலைத் தள்ளிக்கொண்டிருந்திருக்கும், பக்கவாட்டுப் பிசுக்கு அதனால்தான். வால்வு சீலுக்கு இப்போது அவசரம் இல்லை, நோட்டில் கணக்கு கூடினால் பார்க்கலாம். கூலண்ட் புதிதாக ஊற்றியிருப்பதால் உள்ளே தங்கிய காற்று மெல்ல வெளியேறி அளவு இறங்கும். இந்த வாரம் முழுக்க காலையில் வண்டி ஆறியிருக்கும்போது கூலண்ட் டப்பாவைப் பாருங்கள், குறைந்தால் அதே கூலண்டையே ஊற்றுங்கள், ஒரு சொம்பு போர் தண்ணிகூட வேண்டாம்.