126 போர் விமான டெண்டர்: ‘எல்-1’ வந்த பிறகும் ஏன் நின்றது?

கேள்வி: இந்திய விமானப்படையின் 126 விமான டெண்டரில் 2012 ஜனவரியில் பிரெஞ்சு விமானமான ரஃபேல்தான் எல்-1 (மிகக் குறைந்த விலை கேட்டவர்) என்றார்கள். ஆறு வேறு வேறு விமானங்களை எப்படி ஒப்பிட்டார்கள்? பிறகு ஏன் கையெழுத்தாகவில்லை?

பதில் 1: விலை கடைசியில்தான் வரும் சார். தொழில்நுட்ப உறை, விலை உறை இரண்டும் தனித்தனி. பறக்கவிட்டுப் பார்த்துத் தேறியவர்களின் விலை உறையை மட்டுமே பிரிப்பார்கள். பெங்களூரு, ஜெய்சல்மேர், லே என மூன்று இடங்களில் சோதனை. லே ஓடுதளம் கடல்மட்டத்திலிருந்து 3,200 மீட்டருக்கும் மேல் உயரத்தில்; காற்று மெலிவு. அங்கே இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்வதே பெரிய பரீட்சை, ஆயுதச் சுமையோடு எழும்புவது அதைவிடக் கடினம். 2011 ஏப்ரலில் ரஃபேல், ஐரோப்பியக் கூட்டுத் தயாரிப்பான டைஃபூன் இரண்டும்தான் மிஞ்சின.

பதில் 2: எல்-1 என்பது ஷோரூம் விலை இல்லை. எரிபொருள், உதிரிபாகம், ஓவர்ஹால் என ஆயுட்காலச் செலவையும் கூட்டினார்கள்.

பதில் 3: சிக்கல் உற்பத்தியில். 18 விமானங்கள் தயாராக வரும், 108-ஐ அரசு விமான நிறுவனமான எச்ஏஎல் இங்கே கட்டும். அந்த 108-ன் தரத்துக்கும் கெடுவுக்கும் யார் பொறுப்பு என்பதில் ரஃபேலைத் தயாரிக்கும் டசால்ட் இறங்கி வரவில்லை. எச்ஏஎல்லுக்குப் பிரெஞ்சுக் கணக்கைவிட 2.7 மடங்கு மனித உழைப்பு மணி தேவை என்றும் வந்தது. மணி கூடினால் விலை கூடும். எல்-1 கணக்கே ஆட்டம் காணும். இதை டெண்டர் விதியிலேயே கட்டிப்போட்டிருக்க வேண்டும். 2015-ல் டெண்டரைத் திரும்பப் பெற்றார்கள். 2016 செப்டம்பரில் அரசுக்கு அரசு முறையில் 36 ரஃபேல் மட்டும் வாங்க ஒப்பந்தமானது.