புதுப்பிப்பு: முத்துவின் சர்க்கரை ஏன் அப்படி ஏறி இறங்கியது?

ஈப்போ கிளினிக்கில் இரத்தச் சர்க்கரை 22 காட்டிய எங்கள் நீரிழிவுப் பூனை முத்துவுக்கு வீட்டில் 12தான் வருகிறது, இன்சுலினைக் கூட்டலாமா என்று மூன்று வாரங்களுக்கு முன் கேட்டிருந்தேன். "கூட்டாதீர்கள் தம்பி, முதலில் நாள் முழுக்க அளந்து பாருங்கள்" என்ற அக்காவுக்குக் கோடி நன்றி.

சென்ற ஞாயிறு சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டிலேயே அளந்தேன். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் காதோரம் சிறிது நேரம் வைத்துக் குத்தினால், கடுகளவு இரத்தம் முத்தாக நிற்கிறது. காலை 7 மணிக்கு, இன்சுலின் ஊசிக்கு முன், லிட்டருக்கு 17.8 மில்லிமோல். 9 மணிக்கு 10.4. 11 மணிக்கு 5.2. பகல் 1 மணிக்கு 3.1, மிகவும் குறைவு! என் கை நடுங்கிவிட்டது. முத்து தள்ளாடவில்லை, கண்ணை மூடிப் படுத்திருந்தான், அவ்வளவுதான். மருத்துவரை அழைத்தேன். அவர் சொன்னபடி ஈறில் தேன் தடவி, உடனே சாப்பாடு வைத்தேன். மாலை 7 மணிக்கு 19.6.

சர்க்கரை மிகவும் இறங்கினால் உடல் பதறிக்கொண்டு கல்லீரலில் சேர்த்துவைத்ததை இரத்தத்தில் கொட்டிவிடுமாம். அந்த மாலை எண்ணை மட்டும் நம்பி மருந்தைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நினைத்தாலே வயிறு கலங்குகிறது. கிளினிக்கில் வந்த 22-இல் பயத்துக்கும் பங்கு உண்டு. கூண்டில் அடைத்துக் காரில் கொண்டுபோனாலே பல பூனைகளுக்குச் சர்க்கரை எகிறிவிடும்.

மருத்துவர் அளவைக் குறைத்திருக்கிறார். கடந்த இரண்டு வாரச் சராசரியைக் காட்டும் ஃபிரக்டோசமைன் பரிசோதனைக்கும் இரத்தம் எடுத்திருக்கிறார். அடுத்த ஞாயிறு மறுபடி அளப்பேன்.