லினக்ஸில் நம் ஆட்கள்: எங்கே தடுக்குகிறது, எங்கே ஓடுகிறது

தென்காசி, டைப்பிங் கடை:

தாலுகா ஆபீஸ் பக்கத்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிகிறது என்றதும், விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினிகளில் லினக்ஸ் மின்ட் போட்டேன். லினக்ஸ் என்பது விண்டோஸ் இடத்தில் கணினியை ஓட்டும் இலவச இயங்குதளம், மின்ட் அதில் ஒரு வகை. கடையில் வேலை பார்க்கும் அக்கா தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர். லினக்ஸ் என்ற பேரையே அதுவரை கேட்டதில்லை. இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம், டபுள் கிளிக் செய்தால் ஃபைல் திறக்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் கை பழகிவிட்டது. "சாதாரண ஆளுக்கு இது ஒத்துவராது" என்கிறவர்கள் ஒருநாள் வந்து அவர் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும்.

தடுக்கியது தமிழில்தான். லினக்ஸில் தமிழ்99, ஃபொனெடிக், பழைய டைப்ரைட்டர் முறை எல்லாமே உண்டு, காசும் கிடையாது. ஆனால் அதை வரவழைக்க விசைப்பலகை மாற்ற உதவும் ஐபஸ் என்ற மென்பொருளை நிறுவி, தமிழ் விசைப்பலகைகள் அடங்கிய எம்17என் என்ற பொதியைத் தேடிப் போட்டு, லாக் அவுட் செய்து திரும்பி வந்து, பட்டியலில் தமிழைச் சேர்க்க வேண்டியிருந்தது. மனு அடிக்க உட்காருகிறவருக்கு எம்17என் என்று தேடத் தோன்றுமா? நிறுவும்போதே தமிழ் வேண்டும் என்று சொன்னவருக்கு விசைப்பலகையும் கூடவே வர வேண்டும். இதை நான் ரொம்ப அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் நம் ஊர்க்காரர் லினக்ஸைக் கைவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அடுத்தது எழுத்துரு. வானவில் ஔவையார் எழுத்துருவில் அடித்த பழைய ஃபைலைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் பிராக்கெட்டுமாகக் கொட்டிக் கிடந்தது. எழுத்துரு ஃபைலைக் கொண்டுவந்து நிறுவியதும் சரியாகிவிட்டது. விண்டோஸின் லதா எழுத்துருவில் வந்த மனு வேறு மாதிரி. லினக்ஸில் வேர்டு இடத்தில் இருக்கும் லிப்ரே ஆபீஸ் அதற்குப் பதில் வேறு தமிழ் எழுத்துருவைப் போட்டுக்கொண்டது, எழுத்து அகலமாகி, ஒரு பக்க மனுவில் 'இப்படிக்கு' மட்டும் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. கையெழுத்து தனித்தாளில் இருந்தால் ஆபீஸில் வாங்க மாட்டார்கள்.

பழைய லேசர் பிரின்டர் ஒன்றுக்கு டிரைவர் கடைசிவரை சரியாக அமையவில்லை. அதற்காக ஒரு கணினியை விண்டோஸிலேயே விட்டிருக்கிறேன்.

மூணாறு, தமிழ் வழிப் பள்ளி ஆசிரியர்:

அண்ணன் சொல்லும் அக்காவைப் போல எங்களிடம் வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கேரள அரசுப் பள்ளிகளில் பள்ளிகளின் கணினிக் கல்வியைப் பார்க்கும் அரசின் கைட் நிறுவனம் தரும் லினக்ஸ்தான், உபுண்டு என்ற லினக்ஸ் வகையிலிருந்து வந்தது. பத்தாம் வகுப்பு ஐடி செய்முறைத் தேர்வும் அதில்தான். பாடப்புத்தகம் தமிழிலும் வருகிறது. தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள், பலர் வீட்டில் கணினியே கிடையாது. முதலில் தொட்டதே லினக்ஸ் என்பதால் 'இது கஷ்டம்' என்ற பேச்சே அவர்களிடம் எழுவதில்லை. ஜிம்பில் லேயர் போட்டு போஸ்டர் செய்கிறார்கள், ஜியோஜீப்ராவில் வட்டம் வரைகிறார்கள். ஏதாவது நின்றுபோனால் கேட்க ஆசிரியர் இருக்கிறார், ஆசிரியருக்குப் பயிற்சி தர ஆள் இருக்கிறது.

திருச்சி, பழைய மாணவி:

கடைசி வரியைப் படித்ததும் என் லேப்டாப் நினைவுக்கு வந்தது. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் கிடைத்தது. ஆன் செய்தால் விண்டோஸா, பாஸ் லினக்ஸா என்று கேட்கும். பாஸ், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கியது, டெபியன் என்ற லினக்ஸ் வழி வந்தது. நம் ஊரிலேயே செய்த ஒன்று நம் கையில் இருந்தது, ஆனால் எங்கள் வகுப்பில் யாரும் அந்த இரண்டாவது பெயரை அழுத்தியதில்லை. அது என்ன என்று சொல்லித்தர ஒருவரும் இல்லை. அந்த வருத்தம் எனக்கு இப்போதும் உண்டு. பிறகு 2018-இல் வந்த பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் உபுண்டுவும் ஓபன் ஆபீஸும் பாடமாகவே இருந்தன. என் தம்பி அதைப் படித்துவிட்டுத்தான் வீட்டு லேப்டாப்பில் உபுண்டு போட்டான், அதில்தான் வேலைக்கும் விண்ணப்பித்தான்.

தென்காசி அண்ணனுக்கு: லிப்ரே ஆபீஸில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், ஃபான்ட்ஸ் போனால் மாற்று அட்டவணை ஒன்று இருக்கும். லதா வந்தால் எந்த எழுத்துரு போட வேண்டும் என்று அதில் குறித்துவைக்கலாம். லோஹித் தமிழ், நோட்டோ என்ற எழுத்துருக்களை மாற்றி மாற்றிப் போட்டு, எதில் 'இப்படிக்கு' அதே பக்கத்தில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.